தம்பியின் காலேஜ் நோட்டுகளுக்கு நான் போட்ட அட்டை

எனக்கு எண்பத்தெட்டு முடிந்துவிட்டது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். அதில் ஐந்து நான் பெற்றவை. ஒன்று என் கொழுந்தன் பெண்டாட்டி விட்டுப்போன பெண்பிள்ளை. எல்லாருக்கும் முந்தி வளர்த்தது என் தம்பியை. அவனை வளர்க்கத் தொடங்கும்போது எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஏழு. அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா வண்டிக்காரர். மரச்சீனிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனால் திரும்புகிற நேரம் காளைக்குத்தான் தெரியும். ஆகவே நான் இரண்டாம் கிளாசோடு சிலேட்டைக் கீழே வைத்தேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். இங்கேயும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு காரக்கோணத்திலிருந்து அரைமணி நேர நடையில், கோயிலுக்கு அடுத்த தோட்டத்தில், நாங்கள் சொல்லும் விளையில், இருந்தது. கோயில் என்று நாங்கள் சொல்வது எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயிலை. அந்தக் காலத்தில் அதற்குப் பூட்டுகிற கதவு கிடையாது. அதனால் கோயில் சாமான்கள் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மரப்பெட்டியில் இருக்கும். ஆராதனை நடத்துகிற உபதேசியார் வாரத்துக்கு ஒருமுறை வருவார். பெட்டியில் தெருவில் கொடுக்கிற கைப்பிரதிகளை வைப்பார், எடுப்பார். அடியில் கன்வென்ஷன் நோட்டீஸ் கிடக்கும்.

கன்வென்ஷன் எங்களுக்கு வருடத்தில் ஒருமுறை. அறுத்த வயலில் ஓலைப்பந்தல் போட்டு நான்கு நாள் கூட்டம். அதற்கு அச்சடிக்கிற நோட்டீஸ் நல்ல கனமான தாள், விரித்தால் இரண்டு கை அகலம், ஒருபக்கம்தான் அச்சு. மிச்சம் வருவதை யாரும் எறியமாட்டார்கள். எங்கள் சபைப் பிள்ளைகளின் புத்தகங்களுக்கெல்லாம் அதுதான் அட்டை. அச்சடித்த பக்கத்தை உள்ளே மடக்கி, வெள்ளைப் பக்கம் வெளியே வரும்படி ஒட்டி, அதன்மேல் பெயர் எழுதிக் கொடுப்போம். அட்டையைப் பார்த்தே இது வேதக்காரப் பிள்ளை என்று வாத்தியார் சொல்லிவிடுவார்.

இனி என் காரியம் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் வேதத்திலிருந்து சங்கீதம் வாசிப்பது நான்தான். பதினைந்து வயதிலேயே அந்த வேலை எனக்கு வந்துவிட்டது. வேதப்புத்தகத்தை விரித்துப் பிடித்து, நிமிர்ந்து நின்று, ஒரு இடத்திலும் தட்டாமல் சொல்லுவேன். கல்யாணம் கழிந்த பெண்கள்கூட, "ஒனக்க வாயில கேக்கணும் பிள்ளே" என்பார்கள். உண்மை என்னவென்றால், உபதேசியார் வாசித்ததைக் கேட்டுக் கேட்டு இருபத்திரண்டு சங்கீதம் எனக்கு மனப்பாடம். எழுத்து தெரியாது என்று இல்லை. ஒவ்வொன்றாகத் தெரியும். சேர்த்து இழுத்தால் ஒரு வரிக்கு ஒரு வாழைப்பழம் தின்று முடிக்கிற நேரம் ஆகும். அதை யாருக்கும் நான் காட்டியதில்லை. தம்பி உட்பட.

அந்த வருடங்களில் எங்கள் பக்கம் எதுவும் ஒரு நிலையில் நிற்கவில்லை. தமிழ் பேசுகிற ஊர்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று தெற்கே சமரம், போராட்டம். களியக்காவிளையில் ஊர்வலம் என்பார்கள், பாறசாலையில் கல்லெறி என்பார்கள். இடிவண்டி என்று நாங்கள் சொல்லும் போலீஸ் வண்டி ரோட்டில் போனால் கோழிகூட விளைக்குள் ஓடும். பஸ் ஒருநாள் ஓடும், ஒருநாள் நிற்கும். நாங்கள் சரியாக நடுவில் கிடந்தோம். ஒரே வீட்டில் தகப்பன் தமிழில் ஜெபம் பண்ணுவான், மகன் மலையாளத்தில் பரீட்சை எழுதுவான். எந்தப் பக்கம் போவோம் என்று யாருக்கும் தெரியாது.

அந்த நேரத்தில்தான் தம்பிக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. எங்கள் சபையிலிருந்து காலேஜுக்குப் போகிற முதல் பிள்ளை அவன். சபை கூடி, பிடியரிசியை அவனுக்கு என்று வைத்தது. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிச் சட்டியில் போட்டுவைத்து, ஞாயிறுதோறும் கோயிலுக்குக் கொண்டுவருவது எங்கள் பெண்களின் வழக்கம். அது கோயில் செலவுக்குப் போகும். அந்த வருடம் ஒவ்வொரு அடுப்பிலிருந்தும் எடுத்த பிடி என் தம்பிக்கு. அவன் பட்டணத்தில் இன்னும் மூன்று பையன்களோடு ஒரு அறையில் தங்கி, தானே பொங்கித் தின்று படிக்க வேண்டும்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம் ஆறு நோட்டுகளையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தான். மரச்சீனி மாவில் பசை காய்ச்சினேன். பெட்டியைத் திறந்து, மேலே கிடந்த கைப்பிரதிகளைத் தள்ளி, அடியில் கைவிட்டேன். இதுவரை இல்லாத புதுத் தாள்கள். கனமாக, மொடமொடவென்று, ஒருபக்க அச்சு. மேலே பெரிய எழுத்து, கீழே பேர் பேராக வரிசை. கன்வென்ஷன் நோட்டீசும் அப்படித்தான் இருக்கும். அடுத்த கூட்டத்துக்கு முன்கூட்டியே அடித்துவிட்டார்கள்போல என்று நினைத்தேன். எழுத்துக் கூட்டிப் பார்த்திருக்கலாம். தம்பி எதிரில் உட்கார்ந்திருந்தான். அவன் பார்க்க நான் உதடசைத்து எழுத்துக் கூட்டுவதா? ஒரு பார்வை பார்த்துவிட்டு மடக்கி ஒட்டினேன். ஆறு அட்டையும் மூலை மடியாமல், ஒரு சுருக்கம் இல்லாமல் வந்தது. நான் போட்ட அட்டையைப்போல் அந்தப் பக்கத்தில் யாரும் போடமாட்டார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து அவன் போனான். தோளில் அரிசி மூட்டை, கையில் தகரப்பெட்டி. அமரவிளை வரை நானும் நடந்தேன். பஸ் புறப்படும்போது, "அரிசிய நல்லா களைஞ்சு போடு" என்று மட்டும் சொன்னேன்.

திங்கள், செவ்வாய், புதன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காளைக்கு வைக்கோல் போட்டேனா என்று இரண்டுமுறை போய்ப் பார்ப்பேன். கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டு ரோட்டுக்கு வருவேன். யாராவது பட்டணத்திலிருந்து வந்தால், "பஸ்ஸுல ஒண்ணும் கொழப்பம் இல்லியே?" என்பேன். அப்பா சொன்னார்:

"எட்டி, நீ காலேஜில சேந்தியா அவன் சேந்தானா? இப்பிடி நடந்தா வாசல் தேஞ்சு போவும்."

வியாழக்கிழமை நான் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது அவன் வந்து நின்றான். சனிக்கிழமைக்கு முன்னே வரக்கூடாதவன். சட்டையின் ஒரு பொத்தான் இல்லை. கையில் ஒரு கடிதம், இங்கிலீஷில்.

"என்னலே? லீவா?" என்றேன்.

"இல்ல."

"பின்னே?"

"அக்கா, நீ எனக்க நோட்டுக்கு என்ன தாளாக்கும் ஒட்டினது?"

கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். கஞ்சி கொடுத்தேன், தொடவில்லை. சாயங்காலம் வரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது கதை.

முதல் நாள் கிளாசில் வாத்தியார் இங்கிலீஷில் பேசிக்கொண்டே போயிருக்கிறார். பேர் கூப்பிட்டபோது இவன் பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல எழுந்து கைகட்டி நின்றிருக்கிறான். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். பக்கத்துப் பையன் ஊர் எது என்று கேட்டான். சொன்னான். "ஓ, பாறசாலைக்கும் அப்புறமோ? அப்போ நீ பாண்டியாணோ?" என்றானாம் அவன். தமிழனை அங்கே அப்படித்தான் சொல்லுவார்கள். இரண்டாம் நாள் அதுவே இவனுக்குப் பெயராகிவிட்டது. அறையில் பொங்கினால் பிடியரிசி சரியாக வேகவில்லை. ஒவ்வொரு வீட்டு அரிசியும் ஒவ்வொரு விதம். "ஒண்ணு கொழஞ்சு களியாவும்போ மற்றது பல்லில கல்லு மாதிரி கடிக்குது" என்றான். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தான்.

மூன்றாம் நாள் மழை. குடையில்லாமல் நோட்டுகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறான். கிளாசில் பெஞ்சின்மேல் வைத்தால், நனைந்த வெள்ளைத் தாளில் உள்பக்கத்து அச்சு மேலே தெரிகிறது. பக்கத்துப் பையன் நகத்தால் ஒரு மூலையைத் தூக்கி இழுத்தான். பசை நனைந்திருந்தது, அட்டை முழுசாக வந்துவிட்டது. அந்தப் பையனுக்கும் தமிழ் கொஞ்சம் வாசிக்கத் தெரியும்.

அது கன்வென்ஷன் நோட்டீஸ் இல்லை. தெற்கே நடக்கிற சமரக் கூட்டத்துக்கு ஆள் கூப்பிடுகிற நோட்டீஸ். ஒன்றல்ல, ஆறு நோட்டிலும் அதுதான்.

"எடா, பாண்டி நோட்டீசு கொண்டு வந்நிரிக்குந்நு" என்று ஒருவன் கத்தினான். ஒருவன் சட்டையைப் பிடித்தான். பொத்தான் போனது அப்போதுதான். பிறகு பிரின்சிபாலின் அறை. இதை உனக்கு யார் கொடுத்தது, காலேஜுக்குள் யாருக்கெல்லாம் கொடுத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். இவன் எனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றான். திங்கட்கிழமை வீட்டுப் பெரியவர்கள் யாராவது வந்து விவரம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பேரை வெட்டிவிடுவார்கள். கடிதத்தில் இருந்தது அதுதான்.

"அட்டை போட்டது அக்கான்னு நீ சொல்லல்லியா?" என்று கேட்டேன்.

"சொன்னா ஒன்ன போலீஸ் பிடிக்கும்."

எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன். கைப்பிரதிக்கு அடியில் இன்னும் ஒரு கட்டு இருந்தது. வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முதல் வரியை எழுத்துக் கூட்டினேன். கூட்டம் என்று இருந்தது. வாருங்கள் என்று இருந்தது. அதற்கு அப்புறம்தான் போலீஸ், எல்லை எல்லாம் வந்தது. அந்த ஒரு வரியைச் சனிக்கிழமையே கூட்டியிருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை காலையில் சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி. பாறசாலை முக்கில் தையல் மிஷின் போட்டிருந்தார். அந்த வருடம் மிஷின் தூங்கிக்கொண்டிருந்தது, அவர் ஊர்வலத்தில் நடந்துகொண்டிருந்தார். வந்ததும் நேராகப் பெட்டிக்குப் போனார். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"சித்தப்பா, இது ஒங்க வேலையாக்கும்?"

"போலீஸ் எனக்க கடையத் தொளாவினான். உபதேசியாருக்க பெட்டியில எவனும் கைவைக்க மாட்டான்னு இதுல வச்சேன். ஏன், என்னாச்சு?"

நான் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நான் எதுக்குச் சொல்லணும் மக்ளே? நீ வேதம் வாசிக்கிற பிள்ளை. தாள எடுத்தா வாசிச்சுப் பாப்பே, பாத்தா காரியம் மனசிலாவும், அப்படியே மூடி வச்சிருவேன்னு நெனச்சேன்."

அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கழுவின சட்டியை மறுபடி கழுவினேன்.

முன்னறையில் சித்தப்பா தம்பியிடம் பேசுவது கேட்டது. "எனக்க பேரச் சொல்லுலே. நான் எப்படியும் ஜெயிலுக்குப் போறவன்தானே. இல்லேன்னா அந்தக் காலேஜே வேண்டாம்னு விடு. நாகர்கோவிலுக்குப் போ, தமிழில பேசிக்கிட்டே படிக்கலாம். பாண்டின்னு விளிக்கிறவனுக்க நடுவில உனக்கு என்ன படிப்பு?"

தம்பி மெதுவாகச் சொன்னான்: "நாகர்கோவில்ல இந்த வருஷம் சேத்து முடிச்சாச்சு. இத விட்டா எனக்கு ஒண்ணும் இல்ல சித்தப்பா. ஒங்க பேரும் நான் சொல்ல மாட்டேன்."

அப்பா தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நான் போனா என்ன சொல்லுவேன்? காளையப் பற்றிக் கேட்டா சொல்லுவேன்" என்றார்.

"நான் போறேன்" என்றேன் நான்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பதினெட்டு வயதுப் பெண், பாலராமபுரத்துக்கு அப்பால் கால் வைத்ததில்லை. "நான் ஒட்டினது. நான்தானே சொல்லணும்" என்றேன். சித்தப்பா நோட்டீஸ் கட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு பின்வழியே போனார். அதன் பிறகு ஒருபாடு நாள் நாங்கள் அவரைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கு ஒரு பாட்டும் நாவில் நிற்கவில்லை. பெண்கள் வரிசையாகப் பிடியரிசியைக் கொண்டுவந்து கூடையில் கொட்டினார்கள். ஒரு அக்காள் என் கையைப் பிடித்து, "பிள்ளை என்ன, அதுக்குள்ள வந்திருக்கு? அரிசி தீந்து போச்சா? இந்த வாரம் ரெண்டு பிடி கூட்டிப் போட்டேன் கேட்டியா" என்றாள். அவள் வீட்டில் எட்டுப் பேர் ஒரு நேரம்தான் சோறு உண்பார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். நாளைக்கு அவன் பேரை வெட்டிவிட்டால் இவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்று அந்தச் சிரிப்புக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை எங்கள் பக்கம் பஸ் இல்லை. அப்பா வண்டி பூட்டினார். நெய்யாற்றங்கரைக்கு வடக்கே பஸ் உண்டு என்று கேள்வி. விடிந்த வெளிச்சத்தில் போனோம். காளைகள் எப்போதும்போல நடந்தன. எனக்கு இறங்கி அவற்றுக்கு முன்னே ஓடலாம்போல இருந்தது. என் மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் மூன்று புத்தகங்கள்: என் வேதப்புத்தகம், அப்பாவின் பாட்டுப் புத்தகம், தம்பியின் பழைய ஞாயிறுபள்ளி நோட்டு. மூன்றுக்கும் கன்வென்ஷன் நோட்டீஸ் அட்டை. எங்கள் வழக்கம் இதுதான் என்று பிரித்துக் காட்டினால் நம்புவார்கள் என்பது என் கணக்கு. தம்பியிடம் வழியெல்லாம், "நீ ஒண்ணும் பேசண்டாம், நான் பேசிக்கிடுதேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

அப்பாவை வண்டியோடு நிறுத்திவிட்டு, தம்பியும் நானும் பஸ் ஏறினோம். காலேஜ் ஒரு பெரிய கட்டிடம். படிக்கட்டில் பையன்கள் நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவன், "பாண்டி அம்மையெ கூட்டிக்கொண்டு வந்நு" என்றான். எனக்குப் பதினெட்டு வயது. தம்பி தலைகுனிந்தான். நான் குனியவில்லை. தோளில் கிடந்த நேரியதை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்கள் நடுவிலேயே ஏறினேன்.

பிரின்சிபால் கோட்டு போட்ட வயதானவர். மலையாளத்தில்தான் பேசினார். எனக்கு மலையாளம் அவருக்குக் குறையாமல் தெரியும். ஆனாலும் பதறினால் வாய் தமிழுக்குத்தான் போகும். அவர் மேசையில் ஆறு அட்டைகளும் காய்ந்து சுருண்டு கிடந்தன. நான் மூன்று புத்தகங்களையும் அவற்றின் பக்கத்தில் வைத்தேன். எங்கள் கன்வென்ஷன், கோயில் பெட்டி, மிச்சத் தாள், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாட்டுப் புத்தகத்தின் அட்டையைக் கத்தியால் மெதுவாகத் திறந்து உள்ளே பார்த்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தது. மற்ற இரண்டையும் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது.

"இது மூணும் சரி. அந்த ஆறு எங்ஙனெ மாறி? பெட்டியில் ஆரு வச்சு?"

"அது எல்லாரும் வைக்கிற பெட்டி சார். யாரு வச்சதுன்னு, வச்ச நேரத்தில நான் நின்னு பாக்கல்ல."

"ஒட்டும்போ நீ வாசிச்சில்லே? அட்சரம் அறியாமோ?"

நான் வாயைத் திறக்குமுன் தம்பி பின்னாலிருந்து சொன்னான்: "அக்காளுக்கு நல்லா வாசிக்கத் தெரியும் சார். ஜெபக்கூட்டத்தில சங்கீதம் வாசிக்கிறது அக்காதான்."

அவன் பெருமையாகத்தான் சொன்னான். படிக்கட்டில் கேட்ட சொல்லுக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னான். தன் கழுத்தைத் தானே வெட்டிக்கொண்டது அவனுக்குத் தெரியவில்லை. வாசிக்கத் தெரிந்தவள் ஆறு நோட்டிலும் அதை ஒட்டினாள் என்றால் தெரிந்தே ஒட்டினாள் என்றுதானே ஆகும்?

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் வேதப்புத்தகத்தை எடுத்துத் திறந்தார். அது எப்போதும் திறக்கிற இடத்தில் தானாகத் திறந்தது. நான் பிடித்துப் பிடித்து ஓரம் கறுத்த பக்கம். எனக்கு எல்லாவற்றிலும் நன்றாகத் தெரிந்த சங்கீதம். என் பக்கமாகத் திருப்பி வைத்து, "வாயிக்கு" என்றார், வாசி என்று.

இத்தனை வருடம் ஆயிற்று. அந்த மேசையின் மெழுகு வாசனை இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. வாயைத் திறந்தால் போதும், ஆறு போல வரும். அந்த மனிதரும் அசந்துபோவார், வாசலில் எட்டிப்பார்க்கிற பையன்களும் அசந்துபோவார்கள். பிறகு தம்பி பெட்டியை எடுத்துக்கொண்டு என்னோடு வண்டி ஏறுவான். எழுத்துத் தெரியாது என்று சொல்லி நிற்கலாம். அப்போது தம்பி பொய் சொன்னதாகிவிடும். நாக்கின் நுனியில் முதல் வார்த்தை வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

"இது வேண்டாம் சார்" என்றேன். "இது எனக்குப் பாடம். பாக்காமலே சொல்லுவேன். வேறே எடம் காட்டுங்கோ."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு புத்தகத்தின் நடுவில் எங்கோ புரட்டினார். அது பேர் வரிசை வருகிற பக்கம். இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று நீளமாகப் போகும், உபதேசியாரே திணறுகிற இடம். நான் விரலை வைத்தேன். வீட்டில் யாரும் இல்லாதபோது வைப்பதுபோல வைத்தேன். முதல் எழுத்தைச் சொன்னேன். இரண்டாவதைச் சொன்னேன். சேர்த்தேன், தப்பாக வந்தது, மறுபடி சேர்த்தேன். என் கழுத்தில் வேர்வை இறங்குவது தெரிந்தது. வாசலில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிரின்சிபால் அவனைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். ஒரு வரி முடித்தேன். இரண்டாம் வரியில் பாதி போயிருப்பேன்.

"மதி" என்றார். போதும் என்று அர்த்தம். ஆனாலும் அந்தப் பேரை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் விரலை எடுத்தேன்.

அவர் ஆறு அட்டைகளையும் சேர்த்து மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். தம்பியிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். அவன் தலையாட்டினான். பிறகு என்னிடம், இனிமேல் அட்டை வேண்டாம், நோட்டு வெறுமனே இருக்கட்டும் என்றார். வந்த காரியம் அவ்வளவில் முடிந்தது. புத்தகங்களைப் பையில் போட்டேன். பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

அவன் பேர் வெட்டவில்லை என்பது வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தம்பி பஸ் வரை வந்தான்.

"அப்போ சின்னதில நான் பாடம் படிக்கும்போ பக்கத்தில இருந்து தப்புப் பிடிச்சியே? அது எப்பிடி?" என்று கேட்டான்.

"நீ தப்பா வாசிச்சா ஒனக்க முழி ஒருமாதிரி ஆவும். அத வச்சு பிடிச்சேன்."

அவன் நின்றுவிட்டான். சிரிக்கப்போகிறான் என்று நினைத்தேன். கண் நிறைந்திருந்தது. "நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும் அக்கா" என்றான்.

"ஆமா, இருந்திருக்கணும்" என்றேன். "போ, கிளாசு தொடங்கியிருக்கும். அரிசிய ராத்திரியே நனைய வை, ஒண்ணுபோல வேவும்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் மனம் அடங்கவில்லை. அந்தப் பையன்கள் இன்னும் அங்கேதான் இருப்பார்கள், அந்தப் பெயரும் இருக்கும். இருந்தது. இரண்டு வருடம் அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று பின்னால் சொன்னான். அடுத்த சில வாரங்களில் தெற்கே போலீஸ் துப்பாக்கியால் வெடிவைத்து ஆட்கள் செத்துப்போனார்கள். பஸ் நின்றது, அவன் ஒரு மாதம் வீட்டுக்கே வரவில்லை. சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டோம். நான் அந்த மாதம் முழுவதும் ரோட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். கடைசியில் எல்லை போட்டபோது சித்தப்பா நடந்த ஊர்கள் அந்தப் பக்கம், தமிழ்நாட்டோடு போயின. அவருடைய தையல்கடையும் எங்கள் வீடும் இந்தப் பக்கம், கேரளத்தில் நின்றன. தம்பி படித்து முடித்து, மலையாளப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக முப்பத்திரண்டு வருடம் இருந்தான். கிளாசில் எந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டினாலும் சிரிக்க விடமாட்டான் என்று அவனிடம் படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஜெபக்கூட்டத்தில் அந்த வெள்ளிக்கிழமையும் நான் சங்கீதம் சொன்னேன். புத்தகத்தை மடியில் மூடி வைத்துவிட்டுச் சொன்னேன். "ஏன் பிள்ளே, புத்தகம் விரிக்கல்ல?" என்று கேட்டார்கள். "பாடமாக்கும்" என்றேன். ஒருத்தி, "எங்களுக்கு அது எப்பவே தெரியும், நீ பல நாள் பக்கம் மாற்றாமலே வாசிப்பே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வர ஒரு வாரம் ஆயிற்று, போக ஒரு வருடம் ஆயிற்று.

இதை நானே எழுதினேன். ஒருநாளைக்கு நான்கைந்து வரி. இந்த மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. மகள் நல்ல நோட்டு வாங்கித் தந்தாள், அது எனக்கு ஒத்துவரவில்லை. வீட்டில் கிடந்த பழைய நோட்டீஸ்களின் வெள்ளைப் பக்கத்தில்தான் எழுதினேன். என் பேத்தி இந்த வருடம் காலேஜில் சேர்கிறாள். படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் எழுத்தைக் கோயில் பாட்டுப் புத்தகத்தில் பழகியதுதான். இதோ பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பாள். பரவாயில்லை, எனக்கு அவசரம் இல்லை.

மக்கா, முதல்ல தாளத் திருப்பி மறுபக்கத்தில என்ன அச்சடிச்சிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு. பிறகு இந்தப் பக்கம் நான் எழுதினத முதல்லேருந்து வாசி. பைய வாசி.